“பிள்ளையை எடுத்திடுவினமோ, அண்ணை?”

பிள்ளைகளே,

நாளைக்கு நீங்கள் முதன்முதலாக ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறீர்கள். போவதற்கு முதல் இவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கோ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்க வராது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள். ஆகவே எழுதித் தருகிறேன். உங்களில் கனபேர் இங்கேயே பிறந்தவர்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். என்ர மகளும் உங்களில் ஒருத்திதானே. அதனால் சின்னச் சின்ன வசனமாக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்க வெளிக்கிடாதேங்கோ.

எங்கட வேலை என்னவென்று கேட்டால் லேசாகச் சொல்லிவிடலாம். டெனிஷ் இராணுவத்தில் வெளிநாடு போய், உடம்பிலோ மனதிலோ காயத்தோடு திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற மனைவி, தாய், தகப்பன் இருக்கிறார்கள். இந்தப் பார்க்கிற ஆட்களுக்கு அரசாங்கச் செலவில் சட்ட உதவியும் பண உதவியும் எடுத்துக்கொடுக்கிறது எங்கட அலுவலகம். சட்டத்தைச் சட்டத்தரணிகள் பார்ப்பார்கள். நாங்கள் பீசிடர். கொம்யூன்காரரோடு, அதாவது உள்ளூராட்சி அலுவலர்களோடு, கதைக்கிற நேரம் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள். நான் ஸ்கீவ என்கிற ஊரில் இறைச்சித் தொழிற்சாலையிலும் பிறகு வயோதிபர் பராமரிப்பிலும் வேலைக்கு நின்றுவிட்டு இதற்கு வந்தவன். உட்காருகிறதுக்கும் சம்பளமோ என்று சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

எனக்கு வேலை பழக்கியவர் தலை முழுக்க நரைத்த ஒரு டெனிஷ் சட்டத்தரணி அம்மா. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்கிற ஆள், அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். முதல் நாள் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“உங்களுக்கு எதில் பயம்?”

“எனக்கு ஒன்றிலும் பயம் இல்லை. நான் ஷெல்லடிக்குள்ளால் வந்தவன்,” என்றேன்.

“அப்படியென்றால் நாளைக்கு உங்களை அனுப்ப மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார்.

எனக்குச் சரியான கோபம். அடுத்த நாள் திரும்பப் போனேன். உண்மையைச் சொன்னேன். “ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டால் நான் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கட சனத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆளாகிவிடுவேனோ என்று பயம்.”

அம்மா தலையை ஆட்டினார். “இதைத்தான் அந்த வீட்டுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வாய் திறப்பதற்கு முதல்.”

இப்போது டிலானியின் கதைக்கு வருகிறேன்.

டிலானிக்கு பிராண்டே ஊரில் காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் வேலை. கணவன் ஜூட். கைக்குழந்தையாக மன்னாரில் இருந்து வந்து, இங்கேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடம் முடிய இராணுவத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு தரம் போனவன். திரும்பி வந்து கலியாணம் கட்டிப் பிள்ளையும் பிறந்த பிறகுதான் வருத்தம் முழுதாக வெளியில் வந்தது. அவனுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. கடைக்குள் போக ஏலாது. தனியே விட்டால் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று றோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான், சாப்பிட மாட்டான். டிலானி வேலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டு போக, தொழிற்சாலை எச்சரித்துவிட்டது.

இப்படிப்பட்ட ஆளைப் பார்க்கிறதற்காக, அவருடைய நெருங்கிய உறவினரையே கொம்யூன் கொஞ்சக் காலத்துக்குச் சம்பளத்துக்கு எடுக்கலாம். வேலையையும் இழக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு வீட்டு நிலைமை எவ்வளவு பாரம் என்று கொம்யூன் அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

டிலானியை முதலில் சந்தித்தது அவளுடைய தொழிற்சாலை வாசலில், என் காருக்குள். அம்மா சொன்னபடி நான் என்னுடைய கடமையை முதலே சொன்னேன். “தங்கச்சி, நீங்கள் என்னோட எதையும் கதைக்கலாம். ஆனா பிள்ளைக்கு ஆபத்து எண்டு எனக்குத் தெரிய வந்தா, அதை நான் மறைக்க ஏலாது. அதைத் தெரிஞ்சுகொண்டு கதையுங்கோ.”

அவள் தொழிற்சாலை வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “பிள்ளையை எடுத்திடுவினமோ, அண்ணை?”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எங்கட சனத்துக்குள் இந்தப் பயம் எப்படிப் பரவியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கோவிலில், பிறந்தநாள் வீட்டில், எங்கேயும் ஒருத்தருக்கு ஒரு கதை தெரியும். இன்னாரின் பிள்ளையைக் கொம்யூன் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம், தாய் சத்தம் போட்டு அடித்தாளாம் என்று. பாதி உண்மை, பாதி பொய். பயம் மட்டும் முழுதாக இருக்கும்.

“எடுக்க மாட்டினம் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது. லேசில எடுக்கிறேல்லை. எவ்வளவோ உதவி செய்து பார்த்த பிறகுதான் அந்தக் கதை வரும்,” என்றேன்.

அவள் சீற் பெல்ற்றை இழுத்து மாட்டினாள். கார் ஓடவில்லை. நாங்கள் எங்கேயும் போகவும் இல்லை.

“வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை. அவருக்கு நித்திரைதான் கொஞ்சம் குறைவு.”

அதோடு கதை முடிந்தது. நான் ஸ்கீவவுக்குத் திரும்பிப் போகிற வழி முழுக்க என்னையே திட்டினேன். உண்மையைச் சொல்லி அவளின் வாயை அடைத்துவிட்டேனே என்று. அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். “அவர் பொய் சொன்னாலும் நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறீர்கள்,” என்றார் அம்மா.

அலுவலர் வருகிற நாள் நான் கொஞ்சம் வேளைக்கே போனேன். கதவைத் திறந்ததும் கட்லட் பொரிக்கிற வாசம். உள்ளே போனால் பெருநாள் வீடு மாதிரி. தரை பளபளக்குது. மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், கேக். மாதா படத்துக்கு முன்னால் புதுப் பூ. ஜூட் முகம் வழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு சோபாவில் நிமிர்ந்து இருக்கிறான். இரண்டு கையும் முழங்காலில். படம் எடுக்கிறதுக்கு இருத்தி வைத்த பிள்ளை மாதிரி.

அவனுடைய தகப்பன் சவிரிமுத்து ஐயா, கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“என்ன ஐயா இது?” என்று கேட்டேன்.

“என்ன என்ன? கொம்யூன் வருது. கொம்யூனுக்கு வீட்டை ஒழுங்காக் காட்டத்தானே வேணும்? ஊத்தை வீட்டுக்கு ஆர் உதவி செய்வினம்?”

“ஐயா, கஷ்டத்தைப் பார்க்கத்தானே வருகினம்.”

“வாற சனத்துக்குக் கஷ்டத்தைக் காட்டுறதோ? நல்ல கதை. நீர் ஸ்கீவ ஆள், உங்கட பழக்கம் வேற போல.”

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். டெனிஷ் குடும்பம் ஒன்றுக்கு இப்படி வராது. அவர்கள் கஷ்டத்தைக் கஷ்டமாகவே காட்டுவார்கள். எங்கட வீட்டில் ஆர் வந்தாலும் விருந்தாளி. வந்தவருக்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அது பொய் இல்லை, அது மரியாதை. அந்த மரியாதையாலேயே எத்தனையோ குடும்பத்துக்கு ‘உதவி தேவையில்லை’ என்று முடிவு வந்திருக்கிறது.

“அனா எங்கே?” என்று டிலானியிடம் கேட்டேன். அனா அவர்களுடைய மகள். ஆறு வயது.

“சிநேகிதப் பிள்ளை வீட்டில விட்டிட்டன்,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுவலர் வந்தார். இளம் பொடியன், நல்ல மனுஷன், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஐயா அவரின் தட்டை நிரப்பினார். அவர் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்ல, ஐயா இன்னும் இரண்டு வைத்தார். என் காதுக்குள், “வயிறு நிரம்பினா பேனை ஓடாது தம்பி,” என்றார்.

ஆனால் பேனை ஓடியது. அலுவலர் கேட்க, ஜூட் பதில் சொன்னான். “எப்படி இருக்கிறீர்கள்?” “நல்லா இருக்கிறேன்.” “நாளாந்த வேலைகள்?” “பிரச்சினை இல்லை.” “மனைவி வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டியிருக்கிறதா?” டிலானி, “சில நேரம். பெரிசாக இல்லை,” என்றாள். ஜூட்டின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது. குசினிக்குள் ஐயா கரண்டி ஒன்றைத் தட்டில் வைத்தார், சின்னச் சத்தம்தான். ஜூட்டின் கண் வாசலுக்குப் போய், ஜன்னலுக்குப் போய், திரும்ப என்னிடம் வந்தது. அந்தக் கண்ணை நான் முந்தி பங்கருக்குள் பார்த்திருக்கிறேன். அலுவலர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்திருக்கலாம்? பக்கத்தில் இருக்கிறவன் குடும்பத்தின் வாயை மீறிக் கதைக்கக் கூடாது. கதைக்காமல் விட்டால் இவளுக்கு வேலையும் போகும், உதவியும் வராது. இந்த மனுஷன் பகல் முழுக்க ஜன்னலடியில் தனியே நிற்பான். அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன்.

அலுவலர் பேனையை மூடினார். அப்போதுதான் வெளிக்கதவு திறந்தது.

சிநேகிதப் பிள்ளையின் தாய்க்கு ஏதோ அவசரம், அனாவைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறா. பிள்ளை உள்ளே ஓடி வரவில்லை. நடையிலேயே நின்றது. அங்கிருந்து, தெளிவாக, டெனிஷில் சொன்னது:

“நான் அனா. தனியத்தான் வாறன். கையில பை இருக்கு. இப்ப உள்ளுக்கு வாறன்.”

ஜூட் உடனே, “வா,” என்றான். அப்போதுதான் பிள்ளை அடி எடுத்து வைத்தது. தகப்பனுக்கு நேர் முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, அவனுடைய முழங்காலில் ஏறி இருந்தது.

காவல் அரணுக்கு வருகிற ஆள் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவான். அதை ஆறு வயதுப் பிள்ளை சொல்கிறது.

அலுவலர் மெல்லக் கேட்டார், “ஒவ்வொரு நாளும் இப்படித்தான் வருவாயா?”

“ஓம்,” என்றது பிள்ளை, பெருமையோடு. “இல்லாட்டி அப்பா பயந்திடுவார். நான்தான் கண்டுபிடிச்சனான்.”

ஐயா தமிழில் சொன்னார், “இந்தப் பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அலுவலர் பேனையைத் திரும்பத் திறந்தார். டிலானியின் முகத்தில் இரத்தம் இல்லை. அவள் எழும்பி, “கேக் வெட்டுறன்,” என்றாள்.

பீசிடருக்கு ஒரு உரிமை இருக்கிறது, மறந்துவிடாதேங்கோ. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். எனக்கு அது அந்த நேரம்தான் ஞாபகம் வந்தது. “எங்களுக்கு ஒரு சின்ன இடைவேளை வேணும்,” என்றேன். அலுவலர் சரி என்றார்.

நானும் டிலானியும் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போனோம். மெஷினில் உடுப்புச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“முடிஞ்சுது அண்ணை. எல்லாம் முடிஞ்சுது.”

“ஒண்டும் முடியேல்லை. என்ன நடந்தது?”

“என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை.”

“தங்கச்சி, பிள்ளை ஏன் அப்பிடிச் சொல்லிக்கொண்டு வருகுது?”

அவள் சொன்னாள். அனாவின் பிறந்தநாளில் பலூன் ஒன்று வெடித்தது. ஜூட் பாய்ந்து பிள்ளையைத் தூக்கி, மேசைக்குக் கீழ் தள்ளி, அவளுக்கு மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். எழும்பவில்லை. வந்த பிள்ளைகள் எல்லாம் அழ, தாய்மார் தூக்கிக்கொண்டு ஓட, இவள் கெஞ்ச, ஐயா இழுக்க, அவன் விடவில்லை. கடைசியில் விட்டபோது பிள்ளையின் கையில் அவன் பிடித்த இடம் நீலமாகக் கண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டதுக்கு, ஊஞ்சலால் விழுந்தது என்று டிலானி சொல்லிவிட்டாள்.

“அவர் அடிக்கேல்லை அண்ணை. அவர் பிள்ளையைக் காப்பாத்தினவர். அந்தாளுக்கு அது குண்டு. ஆனா கையில தழும்பு எண்டா இவைக்கு அடிச்சதுதானே? ஆர் நம்புவினம்? நீங்களே சொல்லுங்கோ, ஆர் நம்புவினம்?”

பிள்ளைகளே, அந்தச் சின்ன அறைக்குள் எனக்கு வந்த பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல? இனி எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க ஏலாது. கதவுக்கு அந்தப் பக்கம் பேனையோடு ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கம் ஒரு தாய் என் சேர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்கிற ஒரு வசனத்தால் இந்த வீடு உடையலாம். சொல்லாமல் விட்டாலும் உடையலாம்.

எனக்குக் கெட்டித்தனமாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றினது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கதை ஆருடைய வாயால் முதலில் போக வேண்டும்?

“தங்கச்சி, அந்தப் பொடியன் பாதியைக் கண்டிட்டான். மிச்சப் பாதியைத் தானே நிரப்புவான். அவன் நிரப்பினா அது அடி. நீங்கள் சொன்னா அது பலூன். உள்ள போய் நீங்களே சொல்லுங்கோ. இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்டையும் விடாமல். ஊஞ்சல் கதை பொய் எண்டதையும் சேர்த்து.”

“பிறகு எடுத்திட்டா?”

“நான் பக்கத்தில இருப்பன்.”

அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருந்தது அதுதான். மெஷின் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அலுவலருக்கு முன்னால் அவள் சொல்லத் தொடங்க, ஐயா தமிழில் மறித்தார். “பிள்ளை, வாயை மூடு. எங்கட வீட்டுக் கதை இவைக்கு எதுக்கு? நான் சண்டைக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன். அந்தப் பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டு இவையின்ர சண்டைக்குப் போனது. அதுவே போதும் வெட்கம். இனி இதையும் சொல்லி…”

“அப்பா,” என்றான் ஜூட். அவ்வளவு நேரமும் தமிழில் ஒரு சொல் கதைக்காதவன். “அவளைக் கதைக்க விடுங்கோ. எனக்கு அவள் வேணும். ஃபக்ரறிக்குப் போனா நான் அனாவைத் தனியப் பார்க்க வேணும். எனக்கு என்னை நினைக்கப் பயமா இருக்கு.”

ஐயா கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். குசினிக்குள் போய்விட்டார்.

டிலானி எல்லாவற்றையும் சொன்னாள். அலுவலர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகுதான் சொன்னார், “இதை நான் பிள்ளைகள் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன். அதனால் முகத்துக்கு நேரே சொல்கிறேன்.” டிலானி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை அந்த நேரம்.

அதற்குப் பிறகு, பிள்ளைகள் பிரிவு விசாரித்து முடிவு சொல்லும்வரை, காத்திருக்கிற நாட்கள். நீங்கள் படிக்கிற புத்தகத்தில் இந்தப் பகுதி இருக்காது. முடிவு வருகிற வரைக்கும் ஒரு தாய்க்கு வாசல் மணி அடிக்கிற ஒவ்வொரு தரமும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. டிலானி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள். தெருவில் வெள்ளைக் கார் ஒன்று நின்றால் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். தபால்காரனுக்கும் பயம். எனக்கும்தான். ரெலிபோன் அடித்தால் என்ர மனுசி என் முகத்தைப் பார்ப்பா.

ஒரு நாள் காலமை சவிரிமுத்து ஐயா ரெலிபோன் எடுத்தார். “தம்பி, ஓடி வாரும். இவள் லண்டனுக்கு வெளிக்கிடுறாள்.”

நான் பிராண்டேக்கு எப்படிக் கார் ஓடினேன் என்று தெரியாது. போனபோது நடையில் சூட்கேஸ். அனா குளிர்ச் சட்டையோடு அதற்கு மேல் இருக்கிறாள். ஜூட் மாடிப்படியில், தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு. டிலானியின் தமக்கை லண்டனில். அங்கே போனால் கொம்யூன் வராது என்று அவளுக்கு ஒருத்தர் சொல்லியிருக்கிறார்.

“என்னை மறிக்காதேங்கோ அண்ணை.”

“நான் மறிக்கேல்லை. மறிக்க எனக்கு உரிமை இல்லை.”

சட்டம் தெரியாத இடத்தில் ஊகித்துச் சொல்லாதேங்கோ, பிள்ளைகளே. நான் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். அம்மா இனிப்புக் கதை சொல்கிற ஆள் இல்லை. “போக வேண்டாம் என்று இன்று ஒருவரும் அவருக்குச் சொல்ல முடியாது. ஆனால் விசாரணை நடக்கிற நேரம் பிள்ளையோடு நாட்டை விட்டுப் போனால், பயந்த தாய் என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். ஒளிக்கிற தாய் என்று எழுதுவார்கள். அதற்குப் பிறகு நான் கதைப்பது கஷ்டம்.”

டிலானி அழுதாள். நான் அவளோடு வாதாடவில்லை. ஜூட்டிடம்தான் கேட்டேன்.

“தம்பி, நீரும் போறீரோ?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “எயார்போட்டுக்குள்ள என்னால போக ஏலாது. அவ்வளவு சனம்.”

“அப்ப இங்க ஆரோட இருப்பீர்?”

ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிலானி சூட்கேஸ் கைப்பிடியை இன்னும் விடவில்லை. ஆனால் இழுக்கவும் இல்லை. அவள் பார்த்தது மாடிப்படியை. பயத்தில் அவள் ஒரு ஆளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டாள், அந்த ஆளுக்காகத்தான் இவ்வளவு பாடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. அனா சூட்கேசில் இருந்து இறங்கித் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்று, “நான் அனா. போகேல்லை. சட்டையைக் கழற்றப் போறன்,” என்றாள்.

டிலானி சூட்கேசை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அனாவைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்கு அம்மாவும் வந்தார். கொம்யூன் கட்டடத்தில் கண்ணாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் டிலானி, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில். அம்மா நீளமாக ஒன்றும் கதைக்கவில்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்தால் தகப்பனைப் பார்க்க ஆள் வேண்டும், தாயைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், இரண்டுக்கும் ஏற்கெனவே இந்த வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் மட்டும்தான் இல்லை என்றார். பிறகு, முடிவு என்னவானாலும் காரணத்தோடு எழுத்தில் வேண்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் மேல்முறையீடு செய்வோம் என்றார். குரல் உயர்த்தவில்லை.

அவர்கள் வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தார்கள். அந்த இடைவெளியில் டிலானிக்கு நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

முடிவு இதுதான்: பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம். கிழமைக்கு ஒரு தரம் பிள்ளையோடு கதைக்க ஒரு ஆள் வீட்டுக்கு வரும். ஜூட் மருத்துவத்துக்குப் போக வேண்டும், பெரிய கட்டடத்துக்கு இல்லை, சின்ன இடமாகப் பார்த்துத் தருகிறார்கள். டிலானியைக் கொம்யூன் ஒரு காலத்துக்குச் சம்பளத்துக்கு எடுக்கிறது. அந்தக் காலம் முடியத் திரும்பக் கேட்க வேண்டும். எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதேங்கோ. ஒன்றும் தீரவில்லை. ஆனால் அந்த வீடு அப்படியே இருந்தது.

நான் டிலானியை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ரயிலில் போய்விட்டார். டிலானி சந்தோஷப்பட்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிராண்டே கிட்ட வரும்போதுதான் கேட்டாள்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு அந்த அறைக்குள்ள, நான் உள்ள போய்ச் சொல்ல மாட்டன் எண்டு நிண்டிருந்தா, நீங்கள் என்ன செய்திருப்பியள்?”

பொய் சொல்லலாம். காரியம் முடிந்துவிட்டது, இனி பொய்யால் ஒருவருக்கும் நட்டம் இல்லை என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவளுக்கு இன்னொரு தரம் உதவி கேட்க வேண்டி வரும். அப்போது பக்கத்தில் உட்காரப் போகிற ஆள் ஒருவேளை உங்களில் ஒருவராக இருக்கலாம்.

“நான் சொல்லியிருப்பன்,” என்றேன்.

“கொம்யூனுக்கோ?”

“ஓம்.”

“முதல் நாள் காருக்குள்ள நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அந்த அறைக்குள்ள நான் உங்களை அண்ணை எண்டு நினைச்சுத்தானே சொன்னனான்.”

“தெரியும், தங்கச்சி.”

அதற்கு மேல் என்ன சொல்ல? உங்களையும் அண்ணை என்பார்கள், அக்கா என்பார்கள். சோறு போட்டுத் தருவார்கள். நீங்கள் அவர்களின் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், அது உண்மை. ஆனால் அந்த வீட்டின் ஆள் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதைத் தாங்க ஏலாது என்று தோன்றினால் நாளைக்குப் போக முதல் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கோ. வெட்கம் இல்லை. பயம் இல்லாமல் போகிறதைவிட அது நல்லது.

டிலானி அதற்குப் பிறகு எனக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. மாதா கோவிலில் கண்டால் தலையை ஆட்டுவாள். எனக்குப் பதிலாகப் புது பீசிடர் ஒருவர்தான் இப்போது அவர்களோடு இருக்கிறார், வேலை ஒழுங்காகப் போகிறது என்று கேள்வி.

அன்றைக்கு அவளுடைய வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் சரியான கோபம் என்று தெரிந்தது. ஆனால் கார்க் கதவை, சத்தமே வராமல், மெல்லச் சாத்தினாள். கோபம் வந்தாலும் கதவை அடித்துச் சாத்தப் பழகாத வீடு அது.